இடக்கரடக்கலும் இழப்பீடும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவையொட்டித் தலைச்சோலையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கடற்பயணத்தில் வயிற்று நோய் கண்டவர் இழப்பீடு கோருவது இன்றைய உரையின் பொருள். கடலைக் கண்ணாற் காணாத மலையூரில், அதுவும் ஓர் இலக்கிய மன்றத்தில், இப்பொருள் எங்ஙனம் பொருந்தும் என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆனால் சேர்வராயன் மலைக்கும் கடலுக்கும் உள்ள உறவு பழையது. 1820களில் சேலத்தின் ஆட்சியராக விளங்கிய காக்பர்ன் இம்மலையிற் காப்பிப் பயிரைப் புகுத்தினார். கடல் கடந்து இங்கு வந்த அப்பயிரே பின்னர் இலங்கை மலைநாட்டிலும் பெருகி, சேலம், திருச்சி முதலிய மாவட்டத்து ஏழை மக்களைக் கடல் கடந்து செல்ல வைத்தது. அவர்கள் சென்ற வழியெல்லாம் வயிற்று நோயும் உடன் சென்றது. ஆகவே இம்மலையினருக்குக் கப்பலும் அயலன்று. கப்பலில் வரும் நோயும் அயலன்று.

இலக்கியத்துக்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்போ இன்னும் நெருக்கமானது. அது இலக்கணத்திலேயே தொடங்குகிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு எனப் பகுத்து, தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றை வைத்தார். அவையில் சொல்லத் தகாததை நேரே சொல்லாது மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். தொல்காப்பியர் காலத்திலேயே அவையல் கிளவி என்னும் பெயரால் இந்நாகரிகம் வகுக்கப்பட்டுவிட்டது. கால் கழுவி வருதல், வெளிக்குப் போதல், கொல்லைக்குப் போதல் என்றெல்லாம் பாமரரும் பேசும் பேச்சில் இவ்விலக்கணம் இன்றும் உயிரோடிருக்கிறது. எழுத்தறியாத மூதாட்டியும் பிழையின்றிக் கையாளும் இலக்கணம் ஒன்றுண்டெனில் அஃது இதுவே.

நோய்களில் இம்மறைப்பு மேலும் ஆழமானது. பெரியம்மையை 'முத்து' என்றனர். 'அம்மை வந்திருக்கிறாள்' என்றனர். அச்சத்தை மங்கலச் சொல்லால் மூடினர். வயிற்றுக் கழிச்சலுக்கோ மங்கலமும் வாய்க்கவில்லை. 'வயிறு சரியில்லை' என்னும் இரு சொற்களே அதற்கு வாய்த்தன. அவ்விரு சொற்களுக்குள் சிறு செரிமானக் குறையும் அடங்கும். உயிர் குடிக்கும் வாந்திபேதியும் அடங்கும்.

வயிற்றைப் பற்றித் தமிழ் பேசாமலிருந்ததில்லை என்பதும் இங்கு எண்ணத் தக்கது. துயரம் வந்தால் வயிறு எரிகிறது; பிழைப்பைக் கெடுத்தவன் வயிற்றில் அடிக்கிறான்; நற்செய்தி சொன்னவர் வயிற்றில் பால் வார்க்கிறார்; தாயின் அன்பைப் பெற்ற வயிறு என்கிறோம். நல்வழியில் ஔவையார் வயிற்றையே முன்னிலைப்படுத்திக் குறை கூறுகிறார். திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவுக்கும் செரிமானத்துக்கும் ஒதுக்கினார். பசித்த வயிறும் பாடப்பட்டது. பெற்ற வயிறும் போற்றப்பட்டது. நோயுற்ற வயிறு மட்டும் அவைக்கு வெளியே நின்றது.

அங்ஙனம் நின்றதன் விளைவைக் கப்பல்களின் வரலாறு காட்டும். 1879ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு பிஜித் தீவுக்குச் சென்ற லியோனிதாஸ் கப்பலில் வாந்திபேதியும் பெரியம்மையும் பரவின. உயிர் பிழைத்து வந்தோர் யானுதாலைலை என்னும் சிறு தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்து தமிழரும் தெலுங்கரும் அத்தீவுகளுக்குச் சென்றனர். ஒப்பந்தக் கப்பல்களில் மருத்துவருக்குரிய ஊதியம், உயிரோடு கரையிறங்கும் ஆட்களின் தலைக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்பட்டது. தொழிலாளியின் வயிறு சரியாயிருத்தல் மருத்துவரின் வருவாய்க் கணக்கில் இடம் பெற்றது. அது கெட்டால் தொழிலாளிக்கு உரியது யாதென்பது எக்கணக்கிலும் இடம் பெறவில்லை.

இலங்கைக்குச் சென்றோர் மண்டபம் முகாமில் பல நாள் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடக்க இயன்றது. மலேயாவுக்குச் சென்றோர்க்குப் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவும், சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவும் காத்திருந்தன. 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகைக்கும் மலேயாத் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிய ரஜுலா கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்ற தமிழர் பல்லாயிரவர். அவர்தம் வழித்தோன்றல்கள் இம்மாவட்டத்திலும் உள்ளனர். அக்காலத்தில் கப்பலில் வயிற்று நோய் என்று வாய்திறந்து சொன்னவர்க்குக் கிடைக்கக்கூடியது இழப்பீடன்று, தனிமைத் தீவு. ஆகவே சொல்லாதிருத்தல் நாகரிகம் மட்டுமன்று, தற்காப்பும் ஆயிற்று. நோயை மறைப்பது ஒரு குடியின் பழக்கமாவதற்கு இத்தகைய காரணங்கள் உண்டு. அதனை அறியாமை என்று எள்ளுதல் தகாது.

இன்று கடற்பயணம் வேறோர் உருவில் திரும்பியிருக்கிறது. 2022 ஜூன் திங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கி வைக்கப்பட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் விடப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்களில் தமிழ்க் குடும்பங்கள் செல்வதும் புதுமையன்று. கூலியாளாகச் சென்றவரின் பேரர், கட்டணம் செலுத்திய விருந்தினராகச் செல்கிறார். அவருடைய நிலை மாறியது. நோயின் நிலை முற்றிலும் மாறவில்லை.

இக்காலக் கப்பல்களில் மிகுதியும் காணப்படும் வயிற்று நோய்க்குக் காரணம் நோரோ வைரஸ் என்னும் நச்சுயிரி. 1968இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து நார்வாக் என்னும் ஊரில் ஒரு பள்ளியில் பரவிய நோயை ஆராய்ந்தே, 1972இல் இது மின்னணு நுண்ணோக்கியிற் கண்டறியப்பட்டது; ஊரின் பெயரே உயிரிக்கும் வந்தது. மிகச் சில துகள்களே ஒருவரை வீழ்த்தப் போதும். உடலிற் புகுந்த 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தியும் கழிச்சலும் தோன்றும். பெரும்பாலோர்க்கு ஒன்று முதல் மூன்று நாளில் நீங்கும். முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் உடலின் நீர் வற்றுதலே பேரிடர். கையில் தெளிக்கும் சாராயக் கரைசலுக்கு இவ்வுயிரி எளிதில் அடங்காது. சோப்பும் நீருமே சிறந்தவை. ஒரே உணவுக்கூடம், ஒரே கைப்பிடி, ஒரே கரண்டி எனப் பல நூறு பேர் பகிரும் கப்பல் அதற்கு வாய்ப்பான இடம்.

அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்கு அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் 1975 முதல் ஒரு துப்புரவுத் திட்டத்தை நடத்தி வருகிறது. கப்பல்கள் நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் எனச் சோதிக்கப்படும்; 85உம் அதற்குக் கீழும் பெற்றால் தேறவில்லை எனப் பொருள். பயணியரிலோ ஊழியரிலோ நூற்றுக்கு மூவர் நோயுற்றதாகக் கப்பல் மருத்துவரிடம் தெரிவித்தால் அப்பயணத்தின் பெயர் வெளியுலகுக்கு அறிவிக்கப்படும். 'நோயுற்றால்' என்றன்று, 'தெரிவித்தால்' என்றே விதி அமைந்திருக்கிறது என்பதைக் கவிஞர்கள் கருத வேண்டும். நாணத்தால் தம் அறையிலேயே கிடந்து, இரண்டு நாளில் தேறி, மூன்றாம் நாள் புன்னகையோடு கரையிறங்கியவர் அக்கணக்கில் இல்லை. நூற்றுக்கு நால்வர் நோயுற்று இருவரே சொன்னால், அக்கப்பல் நலமாகச் சென்று வந்த கப்பல். அடுத்த நாள் ஏறும் பயணிக்கு எவ்வித எச்சரிக்கையும் இல்லை. இடக்கரடக்கல் ஒருவரின் மானத்தைக் காக்கிறது. மற்றொருவரின் வயிற்றைக் காக்கத் தவறுகிறது.

சொல்லத் துணிந்த ஒரு பெண்ணின் வரலாறு சட்ட உலகையே மாற்றியிருக்கிறது. அது கப்பலில் நிகழ்ந்ததன்று. ஸ்காட்லாந்தில் பெய்சிலி என்னும் ஊரின் சிற்றுண்டிச் சாலையில் நிகழ்ந்தது. 1928 ஆகஸ்டு 26ஆம் நாள் மே டொனோகு என்னும் கடை ஊழியர் அங்குச் சென்றார். உடன் வந்த தோழி அவருக்கு ஐஸ்கிரீமும் இஞ்சிபீரும் வாங்கித் தந்தார். ஒளி புகாத புட்டியிலிருந்து எஞ்சியதை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று வெளிவந்தது என்பது அவரது முறையீடு. பின்னர் அவர் வயிற்றழற்சிக்கும் அதிர்ச்சிக்கும் மருத்துவம் பெற்றார். விலை கொடுத்தவர் தோழி. ஆகவே கடைக்காரரோடு அவருக்கு ஒப்பந்தமில்லை. செய்தவரோ முகமறியா ஆலைக்காரர். அவர்மேல் இவருக்கு என்ன உரிமை என்பதே கேள்வி.

அவருடைய வழக்கறிஞர் லீச்மன், இஞ்சிபீர்ப் புட்டியில் எலி கிடந்ததாகக் கூறிய முந்தைய வழக்கொன்றில் அண்மையில்தான் தோற்றிருந்தார். ஆயினும் சில வாரங்களிலேயே இவ்வழக்கைத் தொடுத்தார். வழக்குச் செலவுக்கு வழியற்ற ஏழை என உறுதிமொழி தந்து அப்பெண் பிரபுக்கள் அவையின் வாயிலை எட்டினார். 1932 மே 26ஆம் நாள், மூவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வந்தது. யார் தன் அயலார் என்னும் விவிலியக் கேள்வியை நீதிபதி அட்கின் சட்டக் கேள்வியாக்கினார். தன் செயலால் யார் துன்புறக் கூடும் என்று முன்னறிய இயலுமோ அவர் அனைவரும் அயலாரே. அவர்பால் கவனமாயிருத்தல் கடமையே என விடையளித்தார். பிறகு ஆலைக்காரர் இறந்துவிட, 500 பவுன் கேட்ட வழக்கு 200 பவுனில் சமரசமாக முடிந்தது. அந்த நத்தை உண்மையில் இருந்ததா என்பது எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவேயில்லை. ஆயினும் இந்தியா உட்படப் பல நாட்டு நீதிமன்றங்கள் அத்தீர்ப்பை எடுத்தாண்டு வருகின்றன. ஓர் ஏழைப் பெண் தன் வயிற்றுக் கோளாற்றை அவையிற் சொல்ல நாணியிருந்தால், அயலார் என்னும் சொல் சட்டத்தில் அவ்விரிந்த பொருளைப் பெற நெடுங்காலம் ஆகியிருக்கும்.

கப்பல் வழக்குகளில் நிலை சற்று வேறு. 1974ஆம் ஆண்டின் ஏதென்ஸ் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், இத்தகைய நோய்க்கு இழப்பீடு கேட்கும் பயணி கப்பலாரின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டும். கரையிறங்கிய நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் வழக்கிட வேண்டும். நோய் வந்தது என்பது மட்டும் போதாது. நோரோ வைரஸைக் கப்பலுக்குக் கொணர்ந்தவர் சக பயணியாகவே இருக்கலாம். அதற்குக் கப்பல் பொறுப்பன்று. பரவாமல் தடுக்கும் கடமையைக் கப்பல் செய்ததா என்பதே உசாவப்படும். 2011ஆம் ஆண்டு பவுதிக்கா என்னும் கப்பலில் நோயுற்றோர் ஃபிரெட் ஓல்சன் நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில், நோய்த் தடுப்புக்கென நிறுவனம் தானே வகுத்த திட்டத்தை உரியவாறு நிறைவேற்றவில்லை என்று தீர்ப்பாயிற்று. 2016இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆக, எவ்விடம் துடைக்கப்படவில்லை, எந்நாள் வரை பொதுக்கரண்டி புழங்கியது, எவர் எப்போது எச்சரித்தார் என்னும் சிறு செய்திகளிலேயே வழக்கின் உயிர் இருக்கிறது. மறைத்துச் சொல்லும் மொழியில் இச்செய்திகளுக்கு இடமில்லை.

இந்திய நாட்டிலும் வழி அடைபட்டதில்லை. 1986 டிசம்பர் 24ஆம் நாள் ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணம் செலுத்திப் பெறும் சேவையின் குறைபாட்டுக்கு எளிய நீதி கிடைக்க வழிசெய்தது. அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. எதிர்த்தரப்பு இருக்கும் ஊரைத் தேடி அலைய வேண்டாம். முறையிடுவோர் குடியிருக்கும் இடத்திலேயே முறையிடலாம் என்பது அதன் பெருஞ்சிறப்பு. ஏற்காட்டில் வாழ்பவர் மலையிறங்கிச் சேலத்து மாவட்ட ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஐந்து இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ளவற்றுக்குக் கட்டணமும் இல்லை. காலவரை இரண்டாண்டு. உணவினால் நேர்ந்த கேடாயின், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு: உயிரிழப்புக்கு ஐந்து இலட்சத்துக்குக் குறையாமலும், கொடுங்காயத்துக்கு மூன்று இலட்சம் வரையும், பிற கேட்டுக்கு ஒரு இலட்சம் வரையும் இழப்பீடு வழங்க அது இடந்தருகிறது. வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் உரிமை, வாங்கியவர் எவர்க்கும் உண்டு.

இச்சட்டங்கள் கப்பலுக்கு மட்டும் உரியனவல்ல. மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காடு வந்து, உணவு விடுதியில் உண்டு நோயுற்றவர்க்கும் இவை உரியன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டங்களில் குடிநீரும் கழிப்பிடமும் மருத்துவ வசதியும் அமைத்தலை முதலாளியின் கடமையாக்கியது. அன்று தோட்டத்தில் வயிற்று நோயுற்றுப் பேசாதிருந்தவர்க்கும், இன்று கப்பலில் நோயுற்றுப் பேசாதிருப்பவர்க்கும் இடையில் செல்வத்தில் வேறுபாடுண்டு, மௌனத்தில் வேறுபாடில்லை.

1993இல் இந்திய உச்ச நீதிமன்றம், இலக்னோ வளர்ச்சிக் கழக வழக்கில், இழப்பீடு என்பது பண இழப்போடு நில்லாது உடலும் உள்ளமும் பட்ட துன்பத்தையும் தழுவும் என விளக்கியது. மன உளைச்சல் என்னும் தொடர் தீர்ப்புகளில் பெருகப் புழங்குகிறது. உள்ளத்தின் உளைச்சலை அளந்து சொல்லுதல் நெடுங்காலமாகக் கவிஞரின் தொழில். அது நீதிமன்றத்தின் தொழிலும் ஆனபின், கவிஞர் ஒதுங்கி நிற்றல் முறையன்று.

முறையிடும் கலையைத் தமிழர் எங்கும் சென்று கற்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் அதற்கு வடிவம் உண்டு. கண்ணகி கண்ணீரோடு வந்தாள். ஆயினும் அரசன் வினவியபோது வெறும் கண்ணீரை மொழியாகக் கொள்ளவில்லை. ஊரைச் சொன்னாள், கணவனின் குலத்தையும் பெயரையும் சொன்னாள், நேர்ந்தது என்ன என்று சொன்னாள், தன் பெயரைச் சொன்னாள். பிறகு சான்றைக் காட்டினாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து. தன் சிலம்பின் பரல் மாணிக்கம். உடைத்ததும் உண்மை தெறித்தது. அதன்பின் வாதத்துக்கு இடமில்லை. யார், எங்கு, எப்போது, என்ன, எதனால், எதைக் கேட்கிறேன் என்னும் ஒழுங்கையே இன்றைய நுகர்வோர் மனுவும் வேண்டுகிறது.

வயிற்று நோயில் சிலம்பு எது? கப்பல் மருத்துவர் எழுதித் தந்த சீட்டு, நோய் தொடங்கிய நாளும் நேரமும், முன் இரு நாளில் உண்டவை, உடன் நோயுற்றோர் எண்ணிக்கை, கண்ட தூய்மைக்கேட்டின் படம், பயணச்சீட்டு, மருந்துச் செலவின் ரசீது, கப்பலாரிடம் எழுத்தில் தந்த புகாரின் படி. நோயோ மூன்று நாளில் நீங்கிவிடும். உடலில் தடயம் எஞ்சாது. அப்போதே எழுதி வைத்தது மட்டுமே எஞ்சும். எழுதாத துயரம் காலத்தால் வெறும் பழங்கதை ஆகிவிடும்.

மிகைப்படுத்தல் இங்கு ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உயர்வு நவிற்சி கவிதைக்கு அணி, மனுவுக்கு நஞ்சு. ஸ்பெயின் நாட்டு விடுதியில் வயிற்று நோயுற்றதாகப் பொய்யாக இழப்பீடு கேட்ட பிரிட்டன் நாட்டு இணையர் ஒருவர்க்கு 2017இல் லிவர்பூல் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. விடுமுறை இன்பமாகக் கழிந்ததாக அவர்களே சமூக வலைத்தளத்தில் எழுதி வைத்திருந்தவை அவர்களுக்கு எதிராக நின்றன. பொய் முறையீடு ஒன்று எழுந்தால், அடுத்து வரும் மெய்யான நோயாளியையும் ஐயுற்றே உலகம் நோக்கும்.

'வழக்கு' என்னும் ஒரே சொல் தமிழில் மொழிப் பழக்கத்தையும் குறிக்கும். நீதிமன்ற முறையீட்டையும் குறிக்கும். தகுதி வழக்கு மறைக்கச் சொல்கிறது. நீதி வழக்கு வெளிப்படுத்தச் சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மாய்க்க வேண்டுவதில்லை. இடக்கரடக்கல் இழிந்ததை ஒழிக்கும் விதியன்று. அவைக்கேற்பச் சொல்லும் விதி. விருந்தினர் நடுவே மறைத்தற்குரிய சொல், மருத்துவர் முன்னும் நீதிபதி முன்னும் மறைத்தற்குரியதாகாது. ஏனெனில் அவ்விடங்களில் அதுவே தகுதியான சொல். கழிச்சல் எத்தனை முறை, எந்நாள், எவ்வளவு நேரம் எனச் சொல்லுதல் அவ்வவையின் நாகரிகம். இலக்கணம் கூறும் தகுதியின் உண்மைப் பொருளும் இதுவே.

இம்மலையில் மனு எழுதத் தெரியாதவர் பலர். எழுதத் தெரிந்தும் நாணத்தால் எழுதாதவர் அவரினும் பலர். பத்தாண்டுகள் சொல்லைப் பேணிய மன்றத்தார் திங்கள்தோறும் கூடும் நாளில் ஒரு மணி நேரத்தை அவர்களுக்கென ஒதுக்கலாம். நோயுற்றவரின் தடுமாற்றமான பேச்சைக் கேட்டு, அதில் நாளும் இடமும் நிகழ்வும் சான்றும் பிரித்து, மிகையும் குறையுமின்றி, அவருடைய மானம் கெடாத தமிழில் எழுதித் தருதல் கவிதை இயற்றுவதினும் எளிதன்று. சேலத்து ஆணையத்தின் மேசையில் வைக்கப்படும் அத்தாளில் எழுதியவரின் பெயர் இராது. நோயுற்றவரின் பெயரே இருக்கும். அதன் பயனும் அவரையே சேரும். அடுத்த ஆண்டின் அறிக்கையில் அரங்கேறிய நூல்களின் எண்ணிக்கையோடு, எழுதித் தந்த மனுக்களின் எண்ணிக்கையும் இடம்பெறுமாயின் இம்மன்றத்தின் தமிழ்த்தொண்டு மேலும் ஒளிபெறும்.